ரேலீன் கட்டிய தகரம்

ரேலீன் டல்லியின் அப்பாவை அடக்கம் செய்த அன்று, தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில் வந்தவர்களுக்கெல்லாம் டீயும் சாண்ட்விச்சும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சவப்பெட்டி வண்டியை ஓட்டிவந்த ஆள், கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேராக ரேலீனிடம் வந்து நின்றான். ஆறுதலாக ஏதோ சொல்லப்போகிறான் என்றுதான் நான் நினைத்தேன்.

"நீங்கதானே அந்த கோலாக் கரடி புடிக்கிறவங்க?" என்றான். "எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். அந்தத் தைல மரத்து எலையத் தின்னுட்டு அதுங்க எப்பவும் போதையிலேயே கெடக்குமாமே, நெசமா?"

ரேலீன் கையிலிருந்த கோப்பையை மேசைமேல் வைத்தாள்.

"கரடி இல்ல. போதையும் இல்ல. அந்த எலையில சத்தே கெடையாது, விஷம்தான் இருக்கு. அதச் செரிக்கிறதுக்கே ஒடம்புல இருக்கிற தெம்பெல்லாம் போயிடுது. அதான் தூங்குது. எங்கப்பாகூட கடைசி ஒரு மாசம் தூங்கிக்கிட்டேதான் இருந்தாரு. அவரும் குடிச்சிருந்தாருன்னு சொல்லுவீங்களா?"

அவன் பணிவாகத் தலையாட்டிவிட்டுப் போனான். கொஞ்ச நேரம் கழித்து, கேக் வைத்திருந்த மேசைப் பக்கம் நின்று யாரிடமோ, "விஷமாம்பா. அதான் போதை" என்று அவன் சொன்னது எங்கள் இரண்டு பேர் காதிலும் விழுந்தது. ரேலீன் என்னைப் பார்த்தாள். நான் சாண்ட்விச்சைப் பார்த்தேன்.

என் பெயர் வாரிக். ரேலீன் மரம் ஏறுகிறவள். நான் கீழே நின்று அவளுக்குக் கயிறு பிடிக்கிறவன். விக்டோரியாவின் தென்மேற்குக் கடலோரத்தில், சாலைமேல் சாய்ந்த மரம், மின்கம்பியில் உரசும் கிளை, புயலில் பிளந்த அடிமரம் என்று எது இருந்தாலும் ஊராட்சியிலிருந்து எங்களைத்தான் கூப்பிடுவார்கள். அவளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இப்போதும் என்னால் அண்ணாந்து பார்க்க முடியாத உயரத்தில் நின்றுகொண்டு, கீழே நான் கயிற்றைத் தப்பாகச் சுருட்டுவதைக் கண்டுபிடித்துத் திட்டுவாள்.

அவளுடைய அப்பா பால்மாடு வைத்திருந்தவர். மேய்ச்சலுக்கு இடம் வேண்டுமென்று பண்ணையில் இருந்த மரத்தையெல்லாம் வெட்டித் தள்ளியவர். அவர் வெட்டுவதற்கு முன்னால் ஒவ்வொன்றிலும் ஒருமுறை ஏறிப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் சின்ன வயதில் அவளுக்கு இருந்த ஆசை. அப்படித்தான் ஏறக் கற்றுக்கொண்டாள். பிறகு ஒரு பால் வண்டி டிரைவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவன் மேற்கே சுரங்க வேலைக்குப் போனான், நல்ல சம்பளம் என்று எழுதினான், அங்கேயே இருந்துவிட்டான். அதைப் பற்றி அவள் அதிகம் பேசியதில்லை. முப்பது வயதில் ஒரு சைப்ரஸ் மரத்திலிருந்து விழுந்து தோள் எலும்பு முறிந்தது. அந்தக் கோடை முழுக்கக் கையைத் தூக்க முடியாமல் கிடந்தாள். அப்போது தினமும் வந்து தலை குளிப்பாட்டி, ஜடை பின்னிவிட்டுப் போனது கிளெனிஸ். இரண்டு பேரும் ஒரே நெட்பால் அணியில் ஆடி வளர்ந்தவர்கள். கிளெனிஸைப் பற்றி நான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

கோலா வேலை ரேலீன் தேடிப் போனதல்ல. ஒருமுறை சாலையோரம் பட்டுப்போன மரத்தை வெட்டப் போயிருந்தோம். கவட்டையில் ஒரு கோலா உட்கார்ந்திருந்தது. அது தானாக இறங்கிப் போகிறவரை மரத்தைத் தொடக்கூடாது என்பது சட்டம். அது இறங்கவில்லை. நாங்கள் லாரியில் உட்கார்ந்து சீட்டாடினோம். மறுநாளும் அது அங்கேயே இருந்தது. அனுமதி பெற்ற ஆள் வந்து இறக்கலாம். ஆனால் அப்படிப்பட்டவர் இருந்தது நாலு மணி நேரம் தள்ளி. கடைசியில், "மரம் ஏறத் தெரிஞ்ச ஆள் நம்மகிட்டயே இருக்கே" என்று ஊராட்சிக்காரர்கள் ரேலீனைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

இறக்குகிற முறை எளிது. தலைக்குமேல் ஏதாவது அசைந்தால் கோலாவுக்குப் பிடிக்காது. நீண்ட கழியின் நுனியில் துணியைக் கட்டி, அதன் தலைக்கு மேலே ஆட்டினால் முனகிக்கொண்டே பின்பக்கமாக இறங்கும். அடியில் நான் சாக்கோடு நிற்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். முதல் தடவையே அது பாதியில் மனம் மாறி ரேலீன் பக்கம் தாவியது. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை அன்றைக்குக் கிழித்த தழும்பு இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் பல் டாக்டர் ஆரம்பிப்பார். அவள் வாயில் இரண்டு விரலை விட்டுக்கொண்டே, "இவ்வளவு சாதுவான பிராணி ஏன் இப்படிப் பண்ணுச்சு?" என்பார். பதில் சொல்ல முடியாத நேரம் பார்த்துக் கேட்கிற ஆள் உலகத்திலேயே அவர் ஒருவர்தான் என்று ரேலீன் சொல்வாள்.

ஆரம்பத்தில் அவள் பொறுமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். கரடி இல்லை, கங்காரு மாதிரி வயிற்றுப் பையில் குட்டியை வளர்க்கிற இனம் என்பாள். குட்டி பையிலிருந்து வெளியே வருகிற பருவத்தில் தாயின் கழிவிலிருந்து ஒரு கூழைத் தின்னும், அதிலிருந்துதான் இலையைச் செரிக்கிற கிருமி அதன் வயிற்றுக்குப் போகும் என்பாள். சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொல்லி இரண்டு விருந்துகளைக் கெடுத்திருக்கிறாள். எல்லாத் தைல மரமும் அதற்கு ஒன்றல்ல, சில வகையைத்தான் தின்னும்; நீங்கள் ஒடித்துக் கீழே போடுகிற கிளையை மோந்துகூடப் பார்க்காது என்பாள். வருஷம் ஆக ஆகப் பதில் சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் பப்பில் யாராவது "கோலாக் கரடி" என்று ஆரம்பித்தால், "இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு பீரை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுவாள்.

அவளுக்கும் எல்லாம் தெரிந்திருந்தது என்று சொல்ல மாட்டேன். கோலா தண்ணீரே குடிக்காது, இலையில் இருக்கிற ஈரமே அதற்குப் போதும் என்று அவளே பல வருஷம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். ஒரு நாள் மழையில், அடிமரத்தில் வழிகிற தண்ணீரை ஒரு கோலா மணிக்கணக்காக நக்கிக்கொண்டிருப்பதை நாங்கள் லாரியிலிருந்து பார்த்தோம். "போச்சு" என்றாள் ரேலீன். "இத்தன பேருகிட்ட சொன்னத இனி யார்கிட்ட போய்த் திருப்பி வாங்குறது?"

இனி கிளெனிஸ்.

ஊருக்கு வெளியே ஓடைக்கரையில் ஒரு கேரவன் பார்க் உண்டு; விடுமுறைக்கு வருகிறவர்கள் சக்கர வீடுகளில் தங்குகிற இடம். கிளெனிஸ் ஹார்ட்விக்கும் அவள் புருஷனும் நடத்திவந்தார்கள். அவன் போன பிறகு தனியாக நடத்துகிறாள். பார்க் முழுக்க மன்னா என்கிற வகைத் தைல மரங்கள், வெள்ளை வெளேரென்று பட்டை உரிந்து நிற்கும். கோலாவுக்கு அதைவிடப் பிடித்த மரம் கிடையாது. முதலில் ஒன்றிரண்டுதான் வந்தன. கிளெனிஸ் வாசலில் கோலா படம் போட்டுப் பலகை வைத்தாள். மெல்பர்னிலிருந்து குடும்பங்கள் வந்தன. பிறகு ஜெர்மனி, சீனா என்று எங்கெங்கிருந்தோ வந்தார்கள். கோலாக்களும் பெருகின. ஒரே மரத்தில் நாலு, ஐந்து உட்கார்ந்திருக்கும். அவற்றுக்கெல்லாம் கிளெனிஸ் பெயர் வைத்திருந்தாள்.

வாரத்துக்கு ஒருமுறையாவது ரேலீனுக்கு போன் வரும்.

"ரே, ஒண்ணு தரையில நடக்குது. ஒடம்பு சரியில்ல போல."

"அது மரம் மாறுது கிளெனிஸ். நடந்துதான் போகணும். ரெக்கையா இருக்கு?"

"ராத்திரி பூரா யாரோ பன்னிய அறுக்கிற மாதிரி கத்துறாங்கன்னு கெஸ்ட் எல்லாம் பயப்படுறாங்க. போலீஸ கூப்பிடவாங்கிறாங்க."

"ஆண் கோலாதான் கத்தும். பொண்ணு தேடுது. போலீஸ் வந்து என்ன பண்ணும், பொண்ணு பாத்துக் குடுக்குமா?"

இப்படிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள்தான்.

பிறகு மரங்கள் மெலிய ஆரம்பித்தன. மேலே பார்த்தால் இலைக்கு நடுவில் வானம் அதிகமாகத் தெரிந்தது. கால்நடை டாக்டர் ஃபெலிசிட்டி ஓங், வனத்துறை ஆட்களோடு வந்து பார்த்துவிட்டு, இந்தத் தோப்பு தாங்கக்கூடியதைப்போலப் பல மடங்கு கோலா இங்கே இருக்கிறது என்றாள். மரங்களில் பாதிக்குத் தகரம் கட்டுவது என்று முடிவாயிற்று. அடிமரத்தைச் சுற்றி வழவழப்பான தகடு. நகம் பிடிக்காது, ஏற முடியாது. அந்த மரங்கள் ஓய்வெடுத்துத் துளிர்க்கும். மீதிப் பாதி கோலாக்களுக்கு. பெண் கோலாக்களை இறக்கி, கொஞ்ச வருஷம் குட்டி போடாமல் இருக்கத் தோலுக்கடியில் மருந்து வைத்து விடுவது. ஏறுவதும் இறக்குவதும் கட்டுவதும் எங்கள் வேலை.

அதற்கு முன்னால் ஊர்க் கூடத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். அங்கே டாக்டர் பேசியிருந்தால் போதும். ஆனால் கேள்வியெல்லாம் தெரிந்த முகமான ரேலீனிடம்தான் வந்தது.

"அழிஞ்சுக்கிட்டு வர்ற மிருகம்னு டிவியில சொல்றான். நீங்க அதுக்குப் போயி கருத்தடை பண்றீங்க?" என்று பேக்கரிக்காரர் கேட்டார்.

"வடக்க அழியுது. இங்க நெரிசல்ல சாகப்போகுது. ரெண்டும் ஒரே நேரத்துல உண்மையா இருக்கக்கூடாதா?"

"அப்ப இங்கருந்து புடிச்சுக் கொண்டுபோயி வடக்க விட வேண்டியதுதானே."

"ஏன், டிரெயின் டிக்கெட் நீங்க எடுத்துக் குடுக்கிறீங்களா?" என்றாள் ரேலீன். சிலர் சிரித்தார்கள். பேக்கரிக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. அங்கே இருக்கிற இலை வேறு, இதன் வயிறு அதற்குப் பழகாது, இடம் மாற்றியதில் பாதி செத்துப்போகும் என்று அதற்குப் பிறகு அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. கேட்டது நல்ல கேள்விதான். நல்லபடியாகப் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அதே கேள்விக்கு அவள் எத்தனை தடவை நல்லபடியாகப் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறாள் என்பது எனக்குத்தான் தெரியும்.

குளிர்காலம் முழுக்க வேலை செய்தோம். ஒவ்வொரு மரமாக ஏறி, மேலே ஒன்றும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பக்கத்து மரத்தோடு தொட்டுக்கொண்டிருந்த கிளைகளைக் கழித்து, பிறகு தகரம் கட்ட வேண்டும். ஒரு நாள் அவள் கழியை ஆட்டி ஒரு கோலாவை இறக்கிக்கொண்டிருந்தபோது, அது குழந்தை அழுகிற மாதிரிக் கத்தியது. கேரவனில் தங்கியிருந்த ஒரு பெண் அதைப் படம் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டாள். "பிழைப்புக்காகக் கோலாவைச் சித்திரவதை செய்கிறாள்" என்று எழுதியிருந்தாள். இரண்டு நாளில் ரேலீனின் போன் ஓயாமல் அடிக்க ஆரம்பித்தது. எந்த ஊரென்றே தெரியாதவர்கள் கூப்பிட்டு, உன்னை மரத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும் என்றார்கள். அவள் போனை அணைத்து லாரியின் பெட்டிக்குள் போட்டுவிட்டாள்.

"கிளெனிஸ்கிட்ட சொல்லி, நடந்தது என்னன்னு அவ பார்க்கோட இணையப் பக்கத்துல ஒரு வரி போடச் சொல்லலாமே" என்றேன்.

"நான் கேக்க மாட்டேன். அவளுக்கே தோணணும்" என்றாள்.

கிளெனிஸுக்குத் தோன்றவில்லை. அல்லது கெஸ்ட்டுகள் கோபித்துக்கொள்வார்கள் என்று பயந்தாளோ என்னவோ.

வசந்தத்தில் எங்கள் வட்டாரக் கால்பந்து இறுதி ஆட்டம் வந்தது. எங்கள் ஊர் அணி பல வருஷம் கழித்து இறுதிக்குப் போயிருந்ததால் அந்தச் சனிக்கிழமை ஊரில் ஒரு ஆள் இல்லை. ரேலீன் மைதானத்தில் இறைச்சி அடைத்த பேஸ்ட்ரி விற்றுக்கொண்டிருந்தாள். நான் கேட்டில் நின்றேன். தோற்றுப்போனோம். திங்கட்கிழமை காலை, கட்டிய தகரங்களை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று பார்க்குக்குப் போனோம்.

தகரங்கள் புல்லில் சுருண்டு கிடந்தன. எல்லாமே. ஒவ்வொன்றும் மேலிருந்து கீழாக நேராக வெட்டப்பட்டிருந்தது. அண்ணாந்து பார்த்தோம். ஓய்வெடுக்க விட்டிருந்த மரங்களில், புதுத் துளிருக்கு நடுவில், சாம்பல் நிறத்தில் உருண்டை உருண்டையாகக் கோலாக்கள்.

ரேலீன் ஒரு தகரத்தை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். கிளெனிஸ் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் வெட்டினேன்" என்றாள், கேட்பதற்கு முன்னாலேயே. "ரெண்டு கெஸ்ட் ஒத்தாசை பண்ணாங்க. என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல ரே. தெனமும் ஒண்ணு வரும், தகரத்தப் பிராண்டும், வழுக்கி விழும். திரும்ப ஏறப் பார்க்கும். மேல பச்சப் பசேல்னு எல. கீழ பசியோட ஒரு ஜீவன். நான் அதப் பாத்துக்கிட்டே டீ குடிக்கவா?"

"பக்கத்து மரத்துல எல இருந்துச்சு கிளெனிஸ். அதுக்குத்தான் அந்த மரத்த விட்டு வெச்சோம்."

"அது இந்த மரத்துக்குத்தான வந்துச்சு."

"பழகின மரம், வரத்தான் செய்யும். கொஞ்ச நாள்ல வேற மரத்துக்குப் போயிடும். ரெண்டு வருஷம் விட்டிருந்தா இந்த மரமெல்லாம் பொழச்சிருக்கும். இப்ப வர்ற கோடையில எல்லாமே மொட்டையாகும். அப்ப எங்க போகும் அதுங்க?"

"அப்ப நீ புடிச்சு வேற காட்டுல விடுவ."

"விட முடியாதுன்னு எத்தன தடவ சொன்னேன்?"

கிளெனிஸ் துணியைக் கீழே வைத்தாள். "நீ சொல்றதுல பாதி எனக்குப் புரியல ரே. நீ எப்பவுமே கோவமா சொல்ற. கூட்டத்துல அந்த ஆளு என்ன கேட்டுட்டாருன்னு அவர அப்படி அவமானப்படுத்தின? அதுக்கப்புறம் உங்கிட்ட கேள்வி கேக்க எனக்கே பயமா இருந்துச்சு."

 ரேலீன் தகரத்தை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். 

மறுபடியும் தகரம் கட்டிவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். மேலே கோலாக்கள் இருக்கும்போது கட்டினால் அவை இறங்க வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும். முதலில் ஒவ்வொன்றையும் இறக்க வேண்டும். அதற்கு ஒரு குளிர்காலம் முழுக்க ஆகும், பணமும் வேண்டும். வனத்துறையில், ஒதுக்கியது செலவாகிவிட்டது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். ரேலீன் போன் செய்தாள், நேரில் போனாள், ஒருமுறை அலுவலகத்து வரவேற்பறையில் மதியம்வரை உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் அன்பாகப் பேசினார்கள். அடுத்த வருஷம் என்றார்கள். சம்பளம் இல்லாமலே செய்கிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். டாக்டர் இல்லாமல், அனுமதி இல்லாமல் ஒரு கோலாவையும் தொடக்கூடாது என்றார்கள். அதுவும் சரிதான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

எங்கள் பக்கத்துக் கோடை டிசம்பரில் வந்தது. அவள் சொன்னதுபோலவே ஆயிற்று. கிறிஸ்துமஸ் நேரத்தில் தோப்பு பாதி மொட்டை; பள்ளிக்கூடம் திறக்கும்போது முழு மொட்டை. விடுமுறைக்கு வந்தவர்கள் பரிதாபப்பட்டு, இறங்கி வந்த கோலாக்களின் வாயில் பாட்டிலைக் கவிழ்த்து ஊற்றினார்கள். தலையை அண்ணாத்திப் பிடித்து ஊற்றினால் தண்ணீர் நுரையீரலுக்குப் போகும். வேண்டுமானால் தட்டில் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள் என்று ரேலீன் போய்ச் சொன்னாள். "உங்களத்தான் வீடியோல பாத்தேன்" என்றான் ஒருவன், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அவன் ஊற்றிய கோலா அந்த வாரமே செத்தது. டாக்டர் அறுத்துப் பார்த்து, நுரையீரலில் தண்ணீர் என்றாள். அவன் அதற்குள் ஊருக்குப் போய்விட்டான். அவனுக்கு அது தெரியவே தெரியாது. ஒரு உயிரைக் காப்பாற்றினேன் என்று இன்னும் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பான்.

மார்ச் மாதம் மரத்திலிருந்து விழ ஆரம்பித்தன. அப்போதுதான் துறையிலிருந்து அவசரம் என்று பணம் வந்தது. தகரம் கட்ட இல்லாத பணம், சாகிறதை இறக்குவதற்கு வந்தது. நானும் ரேலீனும் டாக்டரும் தினமும் போனோம். கழியும் துணியும் தேவைப்படவே இல்லை. ரேலீன் ஏறிப் போய்க் கையை நீட்டினால், அது எதிர்க்காமல் அவள் தோளில் சாய்ந்துகொண்டது. "காலிச் சாக்கத் தூக்குற மாதிரி இருக்கு வாரிக்" என்று மேலிருந்து சொன்னாள். டாக்டர் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பாள். தேறும் என்று தோன்றியதைத் தனியாகக் கூண்டில் வைத்தாள். அப்படி வைத்தது கொஞ்சம். மற்றவற்றுக்கு ஊசி.

கிளெனிஸ் ஒரு நாளும் உள்ளே போய் ஒளிந்துகொள்ளவில்லை. துண்டும் வாளியுமாக எங்களோடு நின்றாள். டாக்டர் ஊசி போடும்போது துண்டைப் பிடித்துக்கொண்டாள். முகம் முழுக்க அழுகை. ஒரு மதியம், தான் பெயர் வைத்த ஒரு பெண் கோலாவைத் துண்டில் சுற்றியபடியே, "யாராவது எனக்கு ஒழுங்கா சொல்லியிருக்கலாம்" என்றாள்.

ரேலீன் இடுப்புப் பட்டையை அவிழ்த்துக் கீழே போட்டாள். லாரிக்குள் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நான் இவ்வளவு வருஷமா என்ன மொழியில பேசினேன் வாரிக்?"

 தெர்மாஸில் இருந்த காபியை ஊற்றிக் கொடுத்தேன். ஆறிப்போயிருந்தது. குடித்தாள். பிறகு இறங்கிப் போய்ப் பட்டையை மாட்டிக்கொண்டு அடுத்த மரத்தில் ஏறினாள்.

மழைக்குப் பிறகு சில மரங்கள் துளிர்விட்டன. துளிர்த்தவற்றுக்கு உடனே தகரம் கட்டினோம். மீதி பட்டுப்போயின. பட்ட மரம் கேரவன்மேல் விழுந்தால் ஆபத்து என்று ஜூன் மாதத்தில் அவற்றை வெட்டச் சொல்லி ஊராட்சியிலிருந்து எங்களுக்கே வேலை வந்தது. மறுத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். "வேற ஆளு வந்தா நல்ல மரத்தையும் சேத்து வெட்டிட்டுப் போவான்" என்று சொல்லி ஒத்துக்கொண்டாள்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, ஒரு காரில் புருஷனும் மனைவியுமாக இரண்டு பேர் வந்தார்கள். நாங்கள் போட்டிருந்த கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தார்கள். ரேலீன் உச்சியில் இருந்தாள், மரம் அறுக்கிற மிஷின் ஓடவில்லை.

"கோலா இருக்கிற மரத்தப் போயி ஏன் வெட்டுறீங்க?" என்று அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

நான் பதில் சொல்வதற்குள் கிளெனிஸ் அலுவலகத்திலிருந்து வந்துவிட்டாள். "செத்த மரம்மா இதெல்லாம்" என்றாள். "கோலா ரொம்பப் பெருகிப்போயி எல்லா எலையும் தின்னுடுச்சு. காப்பாத்தறதுக்குன்னு மரத்துல தகரம் கட்டியிருந்தாங்க. அத யாரோ வெட்டிப் போட்டுட்டாங்க."

"அடப்பாவமே. யாரு அப்படிப் பண்ணது?"

"தெரியல" என்றாள் கிளெனிஸ். "வெவரம் தெரியாதவங்க."

நான் மேலே பார்த்தேன். ரேலீனுக்குக் கேட்டிருக்கும், காற்றே இல்லை. அவள் கிளெனிஸைப் பார்த்தாள். பிறகு முகமூடியைக் கீழே இறக்கிவிட்டு மிஷினை ஓடவிட்டாள். கிளைகள் விழ ஆரம்பித்தன. காரில் வந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு போய்விட்டார்கள்.

மதியம் கிளெனிஸ் ஒரு தட்டில் மூன்று கோப்பை டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து, வெட்டி மிஞ்சிய அடிமரத்தின்மேல் வைத்தாள். அவளும் உட்கார்ந்தாள்.  சர்க்கரை எவ்வளவு என்று கேட்காமலே ரேலீனின் கோப்பையில் இரண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கி அவள் பக்கம் நகர்த்தினாள். ரேலீன் கையுறையைக் கழற்றிவிட்டு அதை எடுத்தாள்.

"ரே," என்றாள் கிளெனிஸ் கொஞ்ச நேரம் கழித்து, "புது மரம் நட்டா எத்தன வருஷத்துல இந்த அளவுக்கு வரும்?"

"நீயும் நானும் பாக்க மாட்டோம்."

"நடலாமா?"

"நடு. ஆனா சுத்தி வேலி போடணும். கோலா வராம."

கிளெனிஸ் ஏதோ கேட்க வாயெடுத்தாள். ரேலீனின் முகத்தைப் பார்த்துவிட்டு, பிஸ்கட்டை எடுத்துக்கொண்டாள்.

"கேளு," என்றாள் ரேலீன்.